காலண்டரில் என் கால்

சிரித்துச் சிரித்துப் பேசும் வியாபாரியை நான் நம்புவதில்லை. கேன்வாஸ் ஷூ கம்பெனி ஆளான ராசப்பன் சிரித்துக்கொண்டேதான் வந்தார். அது அறுபத்து மூன்றாம் வருடம். திருச்சியில் பெண்கள் பள்ளி ஒன்றில் நான் டிரில் டீச்சர். மாவட்ட ஓட்டப் பந்தயத்தில் மூன்று முறை முதலில் வந்தவள்.

"லூர்துராணி டீச்சர், எங்க காலண்டருக்கு நீங்க ஓடுற மாதிரி ஒரு படம் வேணுங்க."

"ஏன், சினிமாக்காரங்க யாரும் கெடைக்கலையா?"

"நிஜமா ஓடுறவங்கதான் வேணும்னு முதலாளி சொல்லிட்டாருங்க."

சோழியன் குடுமி சும்மா ஆடுமா? என் முகமெல்லாம் அம்மைத் தழும்பு. கெண்டைக்கால் உலக்கை கனம். இதைப் பார்த்து எவள் ஷூ வாங்குவாள்? ஆனால் பள்ளிக்குப் பன்னிரண்டு ஜோடி இனாம் என்றார். நெருஞ்சி முள்ளில் வெறுங்காலோடு ஓடும் என் பிள்ளைகளை நினைத்துத் தலையாட்டித் தொலைத்தேன்.

ஓடினால் படம் கலங்கிவிடுமாம். ஒரு காலைச் செங்கல் மேல் வைத்து, மூச்சை அடக்கி நிற்கச் சொன்னார். ஓடுகிறவளையே நிற்கவைத்து எடுக்கிறார்கள், இன்னும் என்னென்ன புரட்டோ என்று அப்போதே உறுத்தியது.

"அச்சடிக்கிறதுக்கு முன்னாடி எனக்குக் காட்டணும்."

"கண்டிப்பா காட்டுறேங்க."

காட்டவில்லை. தை மாதம் ஷூவும் காலண்டரும் சேர்ந்தே பள்ளிக்கு வந்தன.

கட்டம் போட்ட சட்டை மட்டும் என்னுடையது. மற்றதெல்லாம் போட்டோவைப் பார்த்து வரைந்த ஓவியரின் கைவண்ணம். பாலில் கழுவிய முகம், பிடிக்குள் அடங்கும் இடுப்பு, வெண்டைக்காய் மாதிரி கால். தலையில் மல்லிகை வேறு. இடது கையும் இடது காலும் ஒன்றாக முன்னால் நீண்டிருந்தன. அப்படி ஓடினால் நாலடியில் குப்புற விழுவாள்! கீழே, 'ஓடினாலும் கொடியிடை, கால் தடிக்காது' என்று எழுதியிருந்தது.

அந்த வருடம் என் நம்பிக்கையெல்லாம் செல்லக்கண்ணு. தொட்டியத்து வாழை விவசாயியின் மகள், ஹாஸ்டலில் தங்கிப் படித்தாள். மாவட்டத்தில் ஜெயித்தால் மெட்ராஸ் போட்டி, அதில் தேறினால் காலேஜில் இலவசப் படிப்பு. பந்தயத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது மைதானத்தில் மயங்கி விழுந்தாள்.

"பத்து நாளா வெறும் கஞ்சித் தண்ணிதாங்க குடிக்குது" என்றாள் சமையல்கார மயிலம்மாள்.

காதலோ, காமாலையோ என்று சந்தேகப்பட்டு அவளுடைய டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். மூடியின் உள்பக்கம் அந்தக் காலண்டர் படம் ஒட்டியிருந்தது. பக்கத்தில் ஒரு நூல், அதில் வரிசையாக முடிச்சுகள். தினமும் கெண்டைக்காலை அளந்திருக்கிறாள்.

"இந்த அக்கா மாதிரி கால் வேணும் டீச்சர். ஓடி ஓடி உங்க கால் மாதிரி ஆயிருமோன்னு பயமா இருக்கு."

"அடி பைத்தியமே, அது நான்தான்டி!"

படத்தைப் பார்த்தாள். என் காலைப் பார்த்தாள். பிறகு என் முகத்தை.

"என்னை ஓட வைக்கிறதுக்காகப் பொய் சொல்லாதீங்க."

வீட்டுக்கு ஓடி, அந்தச் சட்டையையே எடுத்து வந்து காட்டினேன்.

"அந்த அக்காவைப் பார்த்து நீங்களும் தச்சுக்கிட்டீங்களா டீச்சர்?" என்று பரிதாபமாகக் கேட்டாள்.

சனிக்கிழமை பந்தயத்தில் அவள் பெயரை மூன்று தரம் கூப்பிட்டார்கள். மற்றப் பெண்கள் ஓடி முடித்தார்கள். செல்லக்கண்ணு வேடிக்கை பார்க்கிறவர்களோடு உட்கார்ந்து, பாவாடையை இழுத்து இழுத்துக் காலை மூடிக்கொண்டிருந்தாள்.