பாதி பிஸ்கட்

எனக்குத் தையல் வேலை. பிள்ளை வளர்ப்பில் ஒரே பிடிவாதம்: கையில் எது இருந்தாலும் பக்கத்தில் இருப்பவருக்குப் பாதி கொடுக்க வேண்டும், வாங்கினால் நன்றி சொல்ல வேண்டும், நன்றி சொன்னவருக்கு 'வெல்கம்' சொல்ல வேண்டும். என் நான்கு வயது மகள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

அன்று மத்தியானம் வீட்டில் நாங்கள் இருவர்தான். மெஷினில் ஒரு பாவாடைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தேன். அவள் பிஸ்கட்டை உடைத்து, ஒரு பாதியைத் துணி வெட்டும் மேசைக்கு அடியில் நீட்டினாள். திரும்பி வந்தது வெறுங்கை.

"எறும்பு மொய்க்கும்டி! அங்க யாரு இருக்கா?"

"பாவம்மா, அதுக்கும் பசிக்கும்ல?"

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. துடைப்பத்தை உள்ளே விட்டு மேசையடியைத் துழாவினேன். துண்டுத் துணி எல்லாம் வெளியே வந்தது. பிஸ்கட் பொடிகூட இல்லை.

"வாங்கித் தின்னுட்டு நன்றி சொல்லத் தெரியாததுக்கு எதுக்குடி பாதி?" என்று எரிந்து விழுந்தேன்.

மகள் குனிந்து, என்னுடைய அதே கண்டிப்போடு சொன்னாள்: "கேட்டுச்சா? தேங்க்ஸ் சொல்லு."

நான் பெருக்கித் தள்ளிய வெற்றிடத்திலிருந்து ஒரு சின்னக் குரல் வந்தது.

"தேங்க்ஸ்ம்மா."

மகள் நிமிர்ந்து என்னையே பார்த்தாள்.

"இப்ப நீ என்ன சொல்லணும்?"