இருபத்து மூன்று கிலோ

என் மூக்கு இடப்பக்கம் சாய்ந்திருப்பதைப் பார்த்து விபத்தா என்று கேட்கிறார்கள். இல்லை, பெட்டி கட்டியதில் வந்தது.

எழுபத்தொரு வயதில் ஆறு மாதம் ஐரோப்பாவைச் சுற்றக் கிளம்பினேன். லண்டனில் தொடங்கி ரயிலும் பஸ்ஸுமாக. முதுகில் மாட்டும் ஒரே பை, ஏழு கிலோ. அதற்கு மேல் என் முழங்கால்கள் ஒத்துக்கொள்ளாது. ஒரு மனிதன் எவ்வளவு குறைவாக வைத்துக்கொண்டு வாழலாம் என்று பார்த்துவிடும் ஆசையும் இருந்தது.

செய்த தவறு ஒன்றுதான். கிள்ளானில் ஒரு கல்யாணப் பந்தியில் பெருமையடித்துவிட்டேன். டிக்கெட்டில் முப்பது கிலோ கொடுக்கிறான், நான் ஏழுதான் கொண்டுபோகிறேன் என்று. ஏழு யார் காதிலும் விழவில்லை. மிச்சமிருக்கும் இருபத்து மூன்று எல்லார் காதிலும் விழுந்தது. நம் ஆட்களில் ஒருவர் வெளிநாடு போனால் பெட்டிதான் அவருடையது, உள்ளே இருக்கும் இடம் ஊருடையது.

கிளம்பும் நாள் காலையில் பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியில் என் வீட்டுக்கு மூன்று பேர் வந்தார்கள். முதலில் காப்பார் ஊரிலிருந்து என் மனைவியின் தம்பி திருச்செல்வம். இங்கிலாந்தில் படிக்கும் மகனுக்குப் பதினொரு கிலோ கருவாடு. அதில் ஒன்று முழு மீன், கதவுப் பலகை நீளம். அடுத்து கீழ்மாடி வாலண்டைன், என்னோடு ரயில்வேயில் வேலை பார்த்தவன். லண்டனிலிருக்கும் மகள் உர்சுலாவுக்கு ஒன்பது கிலோ பழக்கேக். கடைசியாக என் தங்கை மாரியாயி. அவள் மகள் லோகேஸ்வரிக்கு லண்டனில் இன்னும் சில நாளில் பிரசவம். பிள்ளை பெற்றவள் சாப்பிடும் மருந்துப் பொடி நான்கு கிலோ கொண்டுவந்திருந்தாள். வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ் செய்கிறவள், விமானம் ஏற வழியில்லை. முதலில் கூரியரில் அனுப்பிய பொட்டலம் போய்ச் சேரவே இல்லை.

எனக்குப் பெட்டியே வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். திருச்செல்வம் தான் கொண்டுவந்த பெரிய பெட்டியை விரித்தான். வாலண்டைனின் கொக்கித் தராசில் ஒவ்வொரு பொட்டலமாக மாட்டினான். கூட்டினால் இருபத்து நான்கு. ஒரு கிலோ அதிகம்.

"கேக்குல கொஞ்சம் வெட்டிரலாம்லா, பாஸ்," என்றான் திருச்செல்வம்.

"உன் மீனுக்கு வால் எதுக்கு?" என்று கேட்டான் வாலண்டைன். "அங்க போயி நீந்தப் போவுதா?"

திருச்செல்வம் கத்தியை எடுத்து நேராகக் கேக்கில் இறக்கினான். ஆறு மாதம் பிராந்தியில் ஊறிய கேக். வாலண்டைன் தராசை வீசினான். கொக்கி திருச்செல்வத்தின் காதில் மாட்டிக்கொள்ள, வாலண்டைன் இழுத்தான். காது மடல் பாதி கிழிந்து தொங்கியது. அந்த நேரத்தில் தராசு நானூறு கிராம் காட்டியது. எட்டிப் பார்த்தேன், அதனால் தெரியும்.

திருச்செல்வம் முழு மீனை இரண்டு கையாலும் பிடித்து ஓங்கினான். முதல் அடியில் வாலண்டைனின் பல்செட்டு பறந்து என் சாமி மேடையில் விபூதித் தட்டில் போய் உட்கார்ந்தது. துணைக்குச் சொந்தப் பல் இரண்டும் போயிருந்தன. இரண்டாவது அடி, விலக்கப் போன எனக்கு. மூக்குக்குள் ஏதோ நொறுங்கியது. வாயெல்லாம் உப்பு. ரத்தமா மீனா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. மூன்றாவது முறை ஓங்கியபோது மீன் தலைக்கு மேல் சுற்றிய காத்தாடியில் சிக்கியது. காத்தாடி அதைத் துண்டு துண்டாக்கி நாலா பக்கமும் அனுப்பியது. ஒரு துண்டு ஜன்னல் வழியே போய்க் கீழே நின்ற லோரியின் டயரில் செருகியது. இன்னொன்று வாலண்டைனின் புருவத்தைப் பிளந்தது. அவன் கண்ணில் ரத்தம் வடிய திருச்செல்வத்தின் கழுத்தைப் பிடித்துப் பெட்டிக்குள் அமுக்கி, மேலே ஏறி உட்கார்ந்து ஜிப்பை இழுத்தான். முக்கால்வாசி மூடியும் விட்டது. நல்ல பெட்டி.

கேக்கோடு பெட்டிக்குள் கிடந்த கத்தி அதைக் கிழித்துக்கொண்டு திருச்செல்வத்தின் கையோடு வெளியே வந்து வாலண்டைனின் தொடையில் இரண்டு அங்குலம் இறங்கியது.

மாரியாயி அதுவரை நாற்காலியை விட்டு அசையவில்லை. மருந்து இடிக்கும் இரும்பு உலக்கையையும் எனக்குத் தெரியாமல் பெட்டிக்குள் சொருகலாம் என்று கொண்டுவந்திருந்தாள். ஊசி குத்தாத கையால் அதை எடுத்தாள். கத்தி பிடித்த மணிக்கட்டில் ஒன்று, வாலண்டைனின் முட்டியில் ஒன்று. முறுக்கு உடைகிற மாதிரி இரண்டு சத்தம். அப்புறம் காத்தாடி சத்தம் மட்டும்.

"அண்ணே, எம்பொண்ணு அங்க தனியா பெத்துக்கப் போறா," என்றாள் மூச்சு வாங்க. "என்னால போவ முடியாது. நீ கொண்டுபோறியா இல்லையா? அத மட்டும் சொல்லு."

என் பையைத் திறந்து நான்கு கிலோவை வெளியே எடுத்துப் போட்டேன். ஒரு ஜோடி சப்பாத்து, வழிகாட்டிப் புத்தகம், குளிர்ச்சட்டை, மாற்றுக் கால்சட்டைகள், துவைத்து மடித்த சட்டை மூன்றும். மருந்து உள்ளே போனது. மறுபடி ஏழு கிலோ. ஆம்புலன்ஸில் இரண்டு பேரை ஏற்றினார்கள். என்னையும் ஏறச் சொன்னார்கள். விமானத்துக்கு நேரமாகிறது என்றேன்.

லண்டன் விமான நிலையத்தில் அதிகாரி என் சட்டையிலிருந்த ரத்தத்தைப் பார்த்தார், மூக்கைப் பார்த்தார், பையைப் பார்த்தார். இவ்வளவு நாள் பயணத்துக்கு இவ்வளவுதானா என்று கேட்டார். குறைவாகக் கட்டுவதில் கொஞ்சம் சிரமம் இருக்கிறது என்றேன்.

லோகேஸ்வரிக்குப் பெண் குழந்தை. அம்மா அனுப்பிய மருந்தில் முதல் உருண்டை பிடித்து அவள் தன் வாயில் போட்டுக்கொண்டதைக் கண்ணால் பார்த்தேன். அடுத்த வாரம் கிளம்பும்போது என் பை மூன்று கிலோ. துணி என்றால் உடுத்தினதுதான். வாசல்வரை பறந்துதான் போனேன்.

"மாமா," என்று சமையலறையிலிருந்து வந்தாள். "அம்மாவுக்கு ஒரு கம்பளி. டயாலிசிஸ் ரூம்ல ரொம்பக் குளிருதாம். எடம் இருக்குல்ல?"

தூக்கிப் பார்த்தேன். நான்கு கிலோ. அவள் கையில் வெங்காயம் வெட்டும் கத்தி இருந்தது. இடம் இருக்கிறது என்றேன்.

பதினொரு நாடுகள் அதைச் சுமந்தேன். போலந்தில் ஒரு ரயில் நிலையத்தில் பனி கொட்டியபோது இரண்டு தடவை போர்த்திக்கொண்டேன். இப்போது மாரியாயி போர்த்திக்கொள்கிறாள். கருவாட்டு வாடை ஏன் அடிக்கிறது என்று கேட்டாள். லண்டன் சாமான் அப்படித்தான் இருக்கும் என்றேன்.