ஐம்பது வண்டி, நாற்பத்தொன்பது டிக்

ஜீரோ சார் என்ற பெயரைக் கிண்டலுக்குத்தான் வைத்தார்கள். அவர் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டார். கார்களுக்கு ஸ்டியரிங் கம்பி பூட்டும் பகுதிக்கு அவர்தான் சூப்பர்வைசர். அங்கே தலைக்கு மேல் ஒரு கரும்பலகை தொங்கும். 'வரிசை நின்ற தடவைகள்' என்று எழுதி, கீழே பெரிதாக ஒரு பூஜ்யம். இரண்டு வருடமாக அதே பூஜ்யம். காலையில் வந்ததும் அதைச் சுற்றி ஈரத்துணியால் துடைப்பார். பூஜ்யத்தின் மேல் துணி பட்டுவிடக் கூடாது.

அது ஜப்பான்காரர்களின் கம்பெனி. உலகம் பூராவும் தொழிற்சாலை வைத்திருக்கிறார்கள். எங்கே போனாலும் ஒரு சிவப்புக் கயிற்றையும் கொண்டுபோகிறார்கள். வரிசை நெடுக, கைக்கு எட்டும் உயரத்தில் அந்தக் கயிறு ஓடும். ஏதாவது தப்பாகப் பட்டால் யார் வேண்டுமானாலும் அதை இழுக்கலாம். நேற்று வேலைக்குச் சேர்ந்தவரும் இழுக்கலாம். இழுத்தால் ஒரு பாட்டு ஒலிக்கும், வரிசை நிற்கும், சூப்பர்வைசர் ஓடி வருவார். வந்தவர் முதலில் சொல்ல வேண்டிய வார்த்தை 'நன்றி'. அதற்கப்புறம்தான் என்ன ஏது என்று கேட்க வேண்டும். இது சட்டம்.

கயிற்றை இழுக்காதே என்று ஜீரோ சார் யாரிடமும் சொன்னதில்லை. அந்தப் பாவம் அவருக்கு வேண்டாம். யாராவது இழுத்தால் போவார், 'நன்றி' என்பார், மணிக்கட்டைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்ப்பார். அவ்வளவுதான். நாலைந்து பேர் அந்தப் பார்வையை வாங்கிக் கட்டிக்கொண்ட பிறகு கயிறு சும்மா தொங்க ஆரம்பித்தது. பாட்டு எப்படி இருக்கும் என்று புதிதாக வந்தவர்களுக்குத் தெரியவே தெரியாது.

அன்றைக்கு ஜப்பானிலிருந்து தலைமை அதிகாரி வருகிறார். மேனேஜருக்கு விடிந்ததிலிருந்து கால் தரையில் பாவவில்லை. பத்து மணிக்கு, முப்பது வண்டி போன பிறகு, ஜீரோ சாரின் கொழுந்தியாள் அவர் பக்கத்தில் வந்து தயங்கி நின்றாள். மனைவியின் தங்கை. கணவன் போய்ச் சேர்ந்த பிறகு இரண்டு பெண்பிள்ளைகளோடு ஒண்டியாக நின்றவளை இங்கே தற்காலிக வேலைக்குச் சேர்த்துவிட்டவர் இவர்தான். வேலை நிரந்தரமாகும் கடிதம் வெள்ளிக்கிழமை வருவதாக இருந்தது. வீட்டில் அத்தான், இங்கே சார்.

"சார், ஒரு அஞ்சு நிமிஷம். பாத்ரூம்."

மாற்றாளைக் கூப்பிட வேண்டும், அவர் வந்து தாளில் கையெழுத்துப் போட வேண்டும். இன்றைக்கா அதெல்லாம்?

"ஓடிப் போய்ட்டு ஓடி வா. நான் பாத்துக்கறேன்."

வேலை சின்னதுதான். ஸ்டியரிங் கம்பியின் முனையில் ஒரு நட். கையால் சுற்றி ஏற்ற வேண்டும். பிறகு டார்க் ரெஞ்சால் இறுக்க வேண்டும். போதுமான இறுக்கம் வந்ததும் ரெஞ்ச் 'டிக்' என்று சொல்லும். அதன் பிறகே மஞ்சள் பெயிண்ட் பேனாவால் நட்டின் மேல் ஒரு கோடு. டிக் கேட்டுத்தான் மஞ்சள்: இந்தப் பாடத்தை அந்தப் பகுதியில் எல்லோருக்கும் ஓதி ஓதி மனப்பாடமாக்கியவர் ஜீரோ சார். முதல் வண்டி, டிக், மஞ்சள். இரண்டாவது வண்டி, டிக், மஞ்சள். மூன்றாவது வண்டிக்கு நட்டைச் சுற்றிக்கொண்டிருந்தபோது இடுப்பிலிருந்த வாக்கிடாக்கியில் மேனேஜரின் குரல் அலறியது.

"எங்கய்யா இருக்கீங்க? கேட்டுக்குள்ள வந்துட்டாங்க! ஹாலுக்கு வாங்க!"

அவர் ஓடினார். எதிரே கொழுந்தியாள் ஓடி வந்துகொண்டிருந்தாள்.

தொழிற்சாலையின் முகப்பில் இருந்த ஹாலில் கம்பெனியின் வரலாறு சுவர் முழுக்கப் படங்களாகத் தொங்கியது. நடுவில் கண்ணாடிப் பெட்டி. அதற்குள் துருப்பிடித்து வளைந்த ஒரு ஸ்டியரிங் கம்பி. விருந்தாளி யார் வந்தாலும் அந்தக் கதையைச் சொல்ல ஜீரோ சாரைத்தான் அழைப்பார்கள். கணீரென்று சொல்வார். இன்றைக்கு அவர்கள் வீட்டுக் கதையை அவர்களுக்கே சொல்லும் உத்தியோகம். தலைமை அதிகாரி வெள்ளைத் தலையோடு, கையில் ஒரு குட்டி நோட்டோடு நின்றார். பக்கத்தில் மொழிபெயர்க்கும் பெண்.

"எங்க நிறுவனர் தண்ணி பம்பு ரிப்பேர் பண்ணிட்டிருந்தவர்," என்று ஆரம்பித்தார். "முதல் வருஷம் வித்தது மொத்தம் நாப்பத்திமூணு கார். அதுல ஒண்ணு இறக்கத்துல போறப்ப ஸ்டியரிங் கழண்டு ஒரு சுவத்துல மோதிடுச்சு. யாருக்கும் உயிர் போகல. மூடி மறைச்சிருக்கலாம். ஆனா அவரு ரயில் ஏறி நாப்பத்திமூணு வீட்டுக்கும் போனாரு. ஒவ்வொரு வாசல்லயும் நின்னு..."

இந்த இடத்தில் ஒரு நிமிடம் நிறுத்தி, கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டு பேசுவது அவர் வழக்கம். விட்டார். விரலில் ஏதோ பிசுபிசுத்தது. மெல்ல எடுத்துப் பார்த்தார்.

மஞ்சள் பேனாவின் மூடி.

மூடி இங்கே இருக்கிறதென்றால் பேனாவைத் திறந்திருக்கிறார். பல்லால் கடித்துத் திறந்தது ஞாபகம் இருந்தது. கோடு போட்டது ஞாபகம் இருந்தது. டிக்? வாக்கிடாக்கியின் அலறல் கேட்டது. டிக் கேட்டதா?

"சார்?" என்றாள் மொழிபெயர்க்கும் பெண். "வாசல்ல நின்னு?"

"வாசல்ல நின்னு, 'உங்க வண்டியில ஒரு தப்பு இருக்கு. தப்பு என்னோடது'னு சொன்னாரு." குரல் அவருக்கே யாரோ பேசுவது போல் கேட்டது. "அன்னிக்குக் கிடைச்ச பேருதான் இன்னிக்கு வரைக்கும் நிக்குது."

தலைமை அதிகாரி ஏதோ கேட்டார். ஜீரோ சாரின் பகுதியில் கயிறு மாதத்துக்கு எத்தனை தடவை இழுக்கப்படுகிறது என்று கேட்கிறாராம்.

"ரெண்டு வருஷமா ஒரு தடவைகூட இல்ல," என்றார் மேனேஜர், முகமெல்லாம் பல்லாக. தலைமை அதிகாரி சிரிக்கவில்லை. நோட்டில் எதையோ எழுதிக்கொண்டார். பாராட்டி எழுதுகிறார் என்று மேனேஜர் பூரித்துப்போனார்.

ஜீரோ சார் மனதுக்குள் கணக்குப் போட்டார். இரண்டு நிமிடத்துக்கு ஒரு வண்டி. அந்த வண்டி இன்னும் கூரைக்குள்தான் இருக்கும். சக்கரம் மாட்டி, இருக்கை வைத்து, மதியம் வெளியே போய்விடும். கையால் சுற்றிய நட் சோதனை ஓட்டத்தில் ஒன்றும் காட்டாது. மாசக்கணக்கில் நல்ல பிள்ளையாக ஓடும். அப்புறம் ஏதோ ஒரு ரோட்டில், ஏதோ ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போகும்போது கழன்று விழும். ஒரு ரெஞ்சோடு நைசாகப் போய் அரை நிமிடத்தில் இறுக்கிவிட்டால் தீர்ந்தது. யாருக்கும் தெரியாது.

"ஒரு நிமிஷம் சார், வந்துடறேன்."

மேனேஜர் அவர் முழங்கையைக் கெட்டியாகப் பிடித்தார். "எங்க போறீங்க? உங்க ஏரியாவத்தான் அடுத்து பாக்கணும்ங்கறாரு. கூடவே இருங்க."

கூடவே இருந்தார். பெயிண்ட் அடிக்கும் இடம், கதவு பூட்டும் இடம், கண்ணாடி ஒட்டும் இடம் என்று ஊர்வலம் நகர்ந்தது. ஒவ்வொரு இடத்திலும் மேனேஜர் ஒரு பிரசங்கம் வைத்தார். ஜீரோ சாரின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. வாயைத் திறந்து சொல்லிவிடலாம் என்று மூன்று தடவை நினைத்தார். மூன்று தடவையும் அந்தப் பூஜ்யம் கண்முன் வந்து நின்றது. டிக் கேட்டிருக்கும், கேட்காமல் இருக்குமா, இருபது வருஷக் கையல்லவா என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். மூடி பையில் கிடந்து உறுத்தியது.

அவர் பகுதிக்குள் காலெடுத்து வைத்தார்கள். அப்போதுதான் பாட்டு ஒலித்தது.

குழந்தைப் பாட்டு மாதிரி ஒரு மெட்டு. ஒருவன் யாருடைய போன் அடிக்கிறது என்று திரும்பிப் பார்த்தான். இன்னொருவன் தன் பையைத் தடவினான். பிறகு வரிசை ஒரு குலுக்கலோடு நின்றது. சிவப்புக் கயிற்றைப் பிடித்தபடி கொழுந்தியாள் நின்றிருந்தாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

ஜீரோ சார் ஓடினார். நன்றி சொல்ல வேண்டிய நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

"ஒண்ணு குறையுது அத்தான்." சார் என்று சொல்ல மறந்துவிட்டாள். "அம்பதாவது வண்டி முடிஞ்சு ரெஞ்சு எத்தனை டிக்குன்னு காட்டற எண்ணப் பாத்து எழுதணும்ல? வண்டி அம்பது. டிக் நாப்பத்தொம்பதுதான் காட்டுது. எங்கயோ ஒண்ணு விட்டுட்டேன். எதுன்னு தெரியலயே!"

குவாலிட்டிக்காரர் வந்தார். எதையும் நம்பாத மனிதர். அதற்குத்தான் சம்பளம். ரெஞ்சை வாங்கிக்கொண்டு ஐம்பதாவது வண்டியில் ஆரம்பித்து ஒவ்வொன்றாக முன்னால் போனார். குனிவார், மாட்டுவார், டிக். ஐம்பது சரி. நாற்பத்தொன்பது சரி. விருந்தாளிகள், மேனேஜர், வேலையாட்கள் எல்லோரும் அவர் பின்னால் ஒரு கூட்டமாக நகர்ந்தார்கள். நாற்பது சரி. முப்பத்தைந்து சரி. முப்பத்திநாலு, டிக், சரி. ஜீரோ சார் கண்ணை மூடிக்கொண்டார்.

டிக் வரவில்லை.

"மஞ்சள் இருக்கு," என்றார் குவாலிட்டிக்காரர், நட்டை இரண்டு விரலால் கழற்றி உள்ளங்கையில் வைத்துக் காட்டி. "இறுக்கவே இல்ல."

மேனேஜர் தாளை வாங்கிப் பார்த்தார். முதல் வண்டியிலிருந்து ஐம்பது வரை ஒரே எண், அவளுடைய எண். மாற்றாள் கையெழுத்து இருக்க வேண்டிய கட்டம் காலி.

"இது யாரு போட்டது?"

"என் இடம், என் பேனா. நான்தான் சார்."

"இந்தப் பேனாவுக்கு மூடிகூட இல்ல. இதுதான் வேலை செய்யற லட்சணமா?" என்றார் மேனேஜர், அவள் பேனாவை வாங்கிப் பார்த்து.

"மூடி எங்க போச்சுன்னு தெரியல சார். காலைல இருந்துச்சு."

"நடுவுல வேற யாராவது நின்னாங்களா?"

"மூணு வண்டி சார் பாத்தாரு. முப்பதுக்கு மேல எதுவோ." அவள் ஜீரோ சாரை நிமிர்ந்து பார்த்தாள். பார்வையில் சந்தேகத்தின் நிழல்கூட இல்லை. "ஆனா அதுல இருக்காது. சார் கை தப்பாது. நான்தான் எங்கயோ கவனம் தப்பிட்டேன்."

மேனேஜர் தலையை ஆட்டிக்கொண்டார். ஜீரோ சாரின் காதருகே வந்து, "நல்லவேளை, உங்க பேர் கெடல. டெம்பரரி ஆளுதானே? வெள்ளிக்கிழமை லெட்டர நிறுத்திடலாம்," என்றார். பிறகு மொழிபெயர்க்கும் பெண்ணிடம் திரும்பி, "புதுப் பொண்ணு, பயிற்சி பத்தலன்னு சொல்லுங்க," என்றார்.

அந்தப் பெண் மொழிபெயர்க்க வாயைத் திறந்தாள்.

"சொல்லாதீங்க," என்றார் ஜீரோ சார்.

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் பைக்குள் கைவிட்டு மூடியை எடுத்தார். மேனேஜர் கையிலிருந்த பேனாவை வாங்கி அதில் மாட்டினார். கச்சிதமாக உட்கார்ந்தது. விரலெல்லாம் மஞ்சள்.

"முப்பத்திமூணு நான் பூட்டினது. டிக் கேக்காமலே மஞ்சள் போட்டுட்டு ஓடி வந்துட்டேன். தாள்லயும் கையெழுத்துப் போடல. தப்பு..." சற்று முன்பு ஹாலில் கணீரென்று சொன்ன அதே வார்த்தைகள் இப்போது கல்லாகக் கனத்தன. "தப்பு என்னோடது."

மொழிபெயர்க்கும் பெண் மேனேஜரைப் பார்த்தாள். மேனேஜர் கூரையைப் பார்த்தார். அவள் ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள்.

தலைமை அதிகாரி கேட்டது ஒரே கேள்வி. கயிற்றை இழுத்தது யார்? கொழுந்தியாளைக் காட்டினார்கள். அவர் அவள் எதிரே போய் நின்று இடுப்பு வரை வளைந்து வணங்கினார். கூட வந்தவர்களும் வளைந்தார்கள். வேறு வழியில்லாமல் மேனேஜரும் வளைந்தார். நிமிர்ந்து, போகிற போக்கில், "சாயங்காலம் என் ரூமுக்கு வாங்க," என்று ஜீரோ சாரிடம் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். கூட்டம் நகர்ந்தது. அவள் கடிதத்தை நிறுத்துகிற தைரியம் இனி எவருக்கும் வராது. அந்த ஒரு நிம்மதி அவருக்கு இருந்தது.

அவர் கொழுந்தியாளிடம் போனார். முதலில் சொல்லியிருக்க வேண்டியதைக் கடைசியாகச் சொன்னார்.

"நன்றிமா."

அவள் பேனாவை வாங்கிக்கொண்டாள். மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எப்பலேருந்து தெரியும்?"

பொய் சொல்லியிருக்கலாம். இதற்கு மேல் என்ன பொய்? "ஹால்ல பேசறப்பவே கையில மாட்டுச்சு."

அவள் மணிக்கட்டைத் திருப்பினாள். கடிகாரத்தைப் பார்த்தாள்.

"அரை மணி நேரம்," என்றாள். அத்தான் என்று சேர்க்கவில்லை, சார் என்றும் சேர்க்கவில்லை.

வரிசை குலுங்கி நகர்ந்தது. ஐம்பத்தோராவது வண்டி வந்தது. அவள் முதுகைத் திருப்பிக்கொண்டு ரெஞ்சை எடுத்தாள். ஜீரோ சார் பலகைக்குக் கீழே போய் நின்றார். ஈரத்துணியால் பூஜ்யத்தை அழித்தார். இரண்டு வருடம் ஊறியது, லேசில் போகவில்லை. அழுத்தித் தேய்த்துவிட்டு ஒன்று என்று எழுதினார். பின்னால் டிக் என்று கேட்டது. அவர் சுண்ணாம்புக் கட்டியைப் பிடித்தபடி அடுத்த டிக்குக்காகக் காது கொடுத்து நின்றார்.