பச்சைக் குச்சி

ஆர்க்கிப்புக்கு எல்லாம் சுத்தமாக இருந்தாக வேண்டும். ரஷ்யாவின் காம்சாட்காவில், வெந்நீர் ஊற்றுப் பள்ளத்தாக்கில், கரடிகளுக்கு நடுவே, சட்டைக்கு இஸ்திரி போடும் வனக் காவலர் அவன் ஒருவன்தான். "கரடி வீட்டுக்குப் பொண்ணு பார்க்கப் போறியாடா?" என்று என் கணவர் நசார் அவனைச் சீண்டிக்கொண்டே இருப்பார். அங்கே காவலுக்கு நாங்கள் மூன்று பேர்தான்.

எங்கே நடக்கலாம் என்பதை எங்களுக்குக் குச்சிகள்தான் சொல்லும். வில்லோ மரக் கிளையைப் பச்சையாக வெட்டிப் பாதையோரம் நடுவோம். வெதுவெதுப்பான மண்ணில் அது துளிர்க்கும். அடியில் கொதிநீர் ஏறினால் இலை வாடிவிடும். வாடிய குச்சி நிற்கும் இடத்தில் மேல்மண் ரொட்டித் தோல் மாதிரி நொறுங்கும், அதனால் பாதையையே தள்ளிப் போட்டுவிடுவோம்.

பெரிய அதிகாரி வரப்போகிறார் என்று வயர்லெஸ்ஸில் செய்தி வந்தது. மறுநாள் காலை நசார் பாதையைப் பார்க்கப் போனார், நான் பின்னால் போனேன். முந்தின நாள் வாடியிருந்த குச்சி ஒன்று பச்சையாக நின்றது.

"கிளாஷா, இது பொழைச்சுக்கிச்சு பாரு!" என்று சந்தோஷமாகக் கத்திக்கொண்டே அதன் பக்கம் போனார். மண் நொறுங்கி, இடுப்பு வரை கொதிக்கும் சேற்றுக்குள் போய்விட்டார்.

என் அலறலைக் கேட்டு ஆர்க்கிப் பலகையோடு ஓடி வந்தான். இருவரும் இழுத்து எடுத்துக் குடிசையில் கிடத்தினோம். சுவரோரம் நின்றுகொண்டு அவன் சொன்னான்: "நான்தான் மாத்தினேன். அதிகாரி வர்ற நேரத்துல செத்த குச்சி அசிங்கமா நிக்குதேன்னு புதுசா ஒண்ணு வெட்டி நட்டேன். உங்ககிட்ட சொல்ல மறந்துட்டேன்."

அறைந்தேன். ஆத்திரம் அடங்காமல் மறுபடியும் அறைந்தேன்.

மூடுபனி இறங்கியிருந்தது. அது விலகினால்தான் ஹெலிகாப்டர் வரும் என்று வயர்லெஸ்ஸில் சொன்னார்கள். நசாரின் உயிர் அந்தப் பனியின் கையில் இருந்தது. நிமிடத்துக்கு ஒருமுறை கதவைத் திறந்து பார்த்தேன்.

"கிளாஷா, அவன் பேரைச் சொல்லிடாத. வேலைய விட்டுத் தூக்கிட்டா எங்க போவான்? நம்மள விட்டா அவனுக்கு யாரு?" என்றார் நசார்.

"நீங்க கிடக்கிற கிடையில அவன் வேலையப் பத்திக் கவலையா?"

"அடி போடி. சட்டைக்கு இஸ்திரி போட வேற ஆளு கிடைக்குமா?" என்று சிரிக்கப் பார்த்தார். பனி விலகுவதற்கு முன்பே போய்விட்டார்.

எப்படி நடந்தது என்று வயர்லெஸ்ஸில் கேட்டார்கள். "மண்ணு தானா உள்வாங்கிடுச்சு" என்று நான் ஆரம்பித்தேன். ஆர்க்கிப் என் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினான். "பொய். செத்த குச்சிய எடுத்துட்டுப் பச்சைக் குச்சி நட்டது நான். மத்த காவலருங்க எல்லாருக்கும் சொல்லுங்க, அழகுக்காக யாரும் குச்சிய மாத்தக் கூடாது." நசாரின் கடைசி ஆசையைக்கூட அவன் என்னை நிறைவேற்ற விடவில்லை. அதற்கும் சேர்த்து அவன்மேல் கோபம் வந்தது.

ஹெலிகாப்டர் வந்தது. நசாரை ஏற்றினோம். தலைப் பக்கம் நான் உட்கார்ந்தேன். ஆர்க்கிப் ஏறாமல் கீழேயே நின்றான்.

"நீ போ. நான் அடுத்த தடவை வரேன். எம் மூஞ்சியப் பாத்துக்கிட்டே வர உன்னால முடியாது."

நான் அவனை மன்னிக்கவில்லை. இன்றுவரை இல்லை.

"ஏறுடா. கால் பக்கம் பிடிச்சுக்க. பறக்கும்போது ஆடினா அவருக்குப் பயம்" என்றேன்.