பாய்லரோடு போன மச்சான்

பழைய பாய்லரைக் கிரேன் தூக்கியபோது எல்லோரும் கை தட்டினார்கள். சாயத் தொழிற்சாலையின் எரிசக்தி அதிகாரி மட்டும் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் பாக்கெட்டில் விட்டுக்கொண்டார். அந்தப் பாய்லர் கரியைத் தின்றுவிட்டுப் பாதிச் சூட்டைப் புகைபோக்கி வழியாக வானத்துக்குத் தானம் செய்கிறது என்று அளந்து சொன்னவர் அவர்தான். சொன்னது சரிதான், அதுதான் தொல்லை. அதை இத்தனை வருஷம் எரித்தவர் அவருடைய மனைவியின் அண்ணன்.

"அண்ணனுக்குப் புது பாய்லர்லயே வேலை. பேசிட்டேன்" என்று மனைவியிடம் சொல்லியிருந்தார். பேசவில்லை. பேசுவதாக இருந்தார். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லையென்று அப்போது தோன்றியது. கிரேன் போன பிறகுதான் மேலாளர் அறைக்குப் போனார். மேலாளர் பிரியமாகவே சிரித்தார்.

"அது தானா ஓடுற மிஷின் சார். அதுக்கும் ஒரு ஆளைப் போட்டா அப்புறம் என்ன சேமிப்பு?"

வெளியே காத்திருந்த மச்சான், இவர் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார்.

"என்ன மாப்ள, கரியோட சேர்த்து என்னையும் மிச்சம் பிடிச்சாச்சா?"

"மச்சான், நான் சொல்லிப் பாத்தேன்..."

"விடுங்க. புகையில நின்ன கண்ணு, தண்ணி வரத்தான் செய்யும்."

வீட்டில் மனைவி சண்டை போடவில்லை. அவர் உட்கார்ந்திருந்த அறையின் விளக்கையும் ஃபேனையும் அணைத்தாள்.

"உங்களுக்குத்தான் சேமிப்புன்னா உயிராச்சே."

பாய்லர் பழைய இரும்புக்குப் போகும் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். நிர்வாகம் அதை மதிலுக்கு அந்தப் பக்கம் இருந்த சலவை ஆலைக்கு விற்றது. அதன் குணம் தெரிந்த ஆள் வேண்டுமென்று அவர்கள் மச்சானையும் கூட்டிக்கொண்டு போனார்கள். விலையில் ஆளும் அடக்கம் என்று கேன்டீனில் சிரித்தார்கள். இந்தத் தொழிற்சாலையின் கணக்கில் கரிப்புகை பாதியாகக் குறைந்தது. மதிலுக்கு அப்பால் கணக்கே கிடையாது.

எரிசக்தி சேமிப்புக்கு விருது கொடுக்க ஆட்கள் வந்தார்கள். புதுப் புகைபோக்கி பின்னால் தெரிய, கேடயமும் கையுமாக அதிகாரியை நிறுத்தினார் போட்டோக்காரர். சிரிக்கச் சொன்னார், சிரித்தார். அப்போது மதிலுக்கு மேல் கரும்புகை எழுந்து, காற்றில் சாய்ந்து, படத்துக்குள் நுழைந்தது.

"யாருப்பா அது, நேரங்கெட்ட நேரத்துல? கொஞ்சம் பொறுங்க சார், கலைஞ்சிரும். சிரிப்பை மட்டும் விட்டுறாதீங்க."

யாரென்று அதிகாரிக்குத் தெரியும். மச்சான் கரியை மொத்தமாக அள்ளிக் கொட்டுகிறவர் இல்லை. கொஞ்சம் போட்டு, தீயைப் பார்த்து, மறுபடி கொஞ்சம் போடுவார். புகையும் அப்படித்தான் வரும், விட்டு விட்டு. ஒரு சுருள் கலைந்தது. போட்டோக்காரர் கேமராவைத் தூக்கினார். அதற்குள் அடுத்த சுருள் மதிலேறி வந்தது. கேடயத்தை நெஞ்சோடு அணைத்தபடி, பல் தெரிய, அதிகாரி நின்றுகொண்டிருந்தார்.