இரண்டு பக்க வெட்டு

இருளப்பனுக்குச் சந்தோஷம் வந்தால் அடக்கத் தெரியாது. 1999ஆம் வருஷம் ஒரு நாள், தோட்டத்து ஸ்டோரில் ரப்பர் பால் நிறுக்கிற வரிசையில் அவன் நின்றபோது, கிளாக்கர் சுரேந்திரன் பத்திரிகையை விரித்து வாசித்தார். ரப்பர் விற்கிற நாடுகளும் வாங்குகிற நாடுகளும் சேர்ந்து வைத்திருந்த ஒப்பந்தத்தை விட்டு இலங்கை விலகுகிறதாம்.

"இனி நம்ம ரப்பருக்கு நம்மளே வெல சொல்லலாம். ரெண்டு வருஷத்துல நாடு எங்க போய் நிக்குதுன்னு பாருங்க," என்றார்.

கொழும்பில் யாரோ பெரிய மனிதர் அப்படிச் சொல்லியிருந்தாராம். பெரிய மனிதர்கள் ரப்பர் மரத்தைப் படத்தில் பார்த்தால் போதும், அதன் எதிர்காலம் முழுக்க அவர்களுக்குத் தெரிந்துவிடும்.

இருளப்பன் வாளியைக் கவிழ்த்த கையோடு லயத்து வீட்டுக்கு ஓடினான். நாடு எங்கே நின்றாலும் அவனுக்கு ஒன்றுதான். ஜெயம்மா வீட்டில் நிற்க வேண்டும், அவ்வளவுதான். ரப்பர் விலை விழுந்ததிலிருந்து தோட்டத்தில் வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை. மகள் தனுஜாவின் படிப்பு நின்றுவிடுமே என்று, ஜெயம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போகக் கேகாலை ஏஜன்சியில் தாஸிம் நானாவிடம் பாஸ்போர்ட்டைக் கொடுத்திருந்தாள். கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் அவர்கள் ஒரு வாரம்கூடப் பிரிந்திருந்ததில்லை.

"போக வேணாம் புள்ள. வெல ஏறப்போகுது. பேப்பர்லயே வந்துருச்சு."

ஜெயம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். சுளகைக் கீழே வைத்துவிட்டு அவன் முகத்தைப் பார்த்தாள்.

"நெசமாவா? அப்ப நானாகிட்ட சொல்லிர்றேன், நான் வரலன்னு," என்றாள். அவளுக்கும் போக மனசில்லை என்பது அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது. மறுநாளே கேகாலைக்குப் போய்ச் சொல்லி, பாஸ்போர்ட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்தாள்.

இரண்டு வாரம் கழித்து, காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டில் தோட்டத்துத் தொரை புது உத்தரவு போட்டார். ஆறாம் நம்பர் மலையில் எல்லா மரத்துக்கும் பால் ஊறுகிற மருந்தைப் பூச வேண்டும். இரண்டு பக்கமும் வெட்ட வேண்டும். ஏணி வைத்து மேலேயும் வெட்ட வேண்டும். வாரம் முழுக்க வேலை. இருளப்பனின் மரங்கள் அந்த மலையில்தான் இருந்தன. பால் சிரட்டையில் நிறைந்து வழிந்து மண்ணில் ஓடியது.

பால் வெட்டுகிற எவனுக்கும் அந்த வெட்டு என்னவென்று தெரியும். வாழ வேண்டிய மரத்தில் ஒரு பக்கம்தான் கத்தி வைப்பார்கள், மற்றப் பக்கத்தில் பட்டை ஆறி வளர வேண்டும். தறிக்கப் போகிற மரத்தைத்தான் இரண்டு பக்கமும் வெட்டி, இருக்கிற பாலையெல்லாம் கறந்துகொள்வார்கள். இளவயதில் இருளப்பனே பழைய மலையொன்றை அப்படி வெட்டியவன்தான். ஆனால் ஆசை வந்துவிட்டால் மனிதன் தன் கைக்குத் தெரிந்ததைக்கூட மறந்துவிடுகிறான், பாவம்.

வாளி தூக்க வந்த ஜெயம்மா புது வெட்டைத் தடவிப் பார்த்தாள்.

"ரெண்டு பக்கமுமா?"

"அது கெழட்டு மரத்துக்குச் சொல்றது. இதுல இன்னும் பத்து வருஷத்துக்குப் பட்டை கெடக்கு. வெல ஏறப்போறதாலதான் கம்பனி பால் கேக்குது."

அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். அந்தச் சனிக்கிழமை தனுஜாவின் காலுக்குச் சப்பாத்து வாங்கவென்று கேகாலைக்குப் போனாள். சப்பாத்தோடுதான் திரும்பி வந்தாள்.

மூன்று மாதம் இருளப்பன் பாட்டுப் பாடிக்கொண்டே வெட்டினான். தனுஜா படிக்க லயத்துக்குப் பின்னால் ஓர் அறை இறக்கப்போவதாக எல்லோரிடமும் சொன்னான். "குவைத் ராணிக்குத் தேத்தண்ணி எங்க?" என்று ஜெயம்மாவைச் சீண்டினான். அவளும் சிரிப்பாள். சில நாள் சிரித்தபடியே அடுப்புப் பக்கம் திரும்பிக்கொள்வாள். புகை என்று அவன் நினைத்தான்.

நாலாம் மாதம் மரங்களில் சிவப்புச் சாயம் பூசினார்கள். பின்னாலேயே மரம் அறுக்கிறவர்கள் லொறியில் வந்து இறங்கினார்கள். ரப்பர் விலை முன்னைவிடவும் கீழே போயிருந்ததால், மலையின் மரங்களையெல்லாம் பலகைக்கு விற்றுவிட்டார்களாம். ஏன் இப்படி ஆனது என்று கேட்கலாமென்று இருளப்பன் சுரேந்திரனைத் தேடினான். அவர் கடையில் வாங்கிய பாணைப் பத்திரிகையில் சுற்றிக்கொண்டு குனிந்த தலையோடு போனார்.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்தான். ஜெயம்மா பெட்டிக்குள்ளிருந்து பாஸ்போர்ட்டை எடுத்து அவன் பக்கத்தில் வைத்தாள்.

"வர்ற பொதன்கெழம பயணம்."

"எப்ப குடுத்த?"

"சப்பாத்து வாங்கப் போனேன்ல, அன்னைக்கு."

"அப்பவே தெரியுமா ஒனக்கு?"

"மரத்தப் பாத்தேனே."

"ஏன் புள்ள எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா அன்னைக்கே உங்க மொகம் இப்பிடி ஆகியிருக்கும். நீங்க பாடிக்கிட்டு வெட்டுனீங்க. போற வரைக்கும் அதக் கேட்டுக்கிட்டு இருப்போம்னு விட்டுட்டேன்."

இருளப்பன் அழுதான். தன் கையாலேயே அந்த மரங்களை முடித்ததற்காக அழுதான். மூன்று மாதமும் அவளைத் தனியே அழவிட்டதற்காக அதைவிட அதிகமாக அழுதான்.

புதன்கிழமை விடியலில் புளத்கொகுபிட்டிய டவுனில் முதல் பஸ்ஸில் அவளை ஏற்றிவிட்டான். "தனுஜாவோட பள்ளிக்கூடத்த நிப்பாட்டிறாதீங்க," என்று ஜன்னலுக்குள்ளிருந்து சொன்னாள். வேறெதுவும் சொல்ல பஸ் நேரம் தரவில்லை.

அன்று அவனுக்கு வேலையில்லை. கால் பழக்கத்தில் ஆறாம் நம்பர் மலைக்குப் போனது. அவனுடைய முதல் மரத்தை அப்போதுதான் தறித்திருந்தார்கள். அடிக்கட்டையில் பால் கசிந்து மண்ணில் சொட்டியது. கீழே கிடந்த சிரட்டையை எடுத்துத் துடைத்து, சொட்டுகிற இடத்தில் வைத்தான். வைத்த பிறகுதான் எதற்கு வைத்தோம் என்று யோசித்தான். ஆனாலும் எடுக்கவில்லை, பக்கத்திலேயே உட்கார்ந்தான்.

பத்து மணியானது. ஜெயம்மா தேத்தண்ணி கொண்டு வருகிற நேரம். இருளப்பன் நிமிர்ந்து பாதையைப் பார்த்தான்.