கடம்பா வறுவலுக்கு ஒரு கதை

சனிக்கிழமை சாயங்காலமானால், காசிமேட்டில் இருக்கும் நீலாவின் மீன் வறுவல் தள்ளுவண்டிக்கு, கைடு சாவியோ ஒரு கும்பலை ஓட்டிக்கொண்டு வருவான். ராயபுரத்துப் பையன்தான். இப்போது கழுத்தில் அட்டை, வாயோரம் மைக். ஊர் பார்க்க வந்தவர்களைத் தெருத்தெருவாக நடத்தி, கடைக்குக் கடை தீனி காட்டுவது அவன் தொழில். சுறாப்புட்டு, நெத்திலி, கடம்பா எனப்படும் கணவாயின் வறுவல் என்று ஆளுக்கொரு வாய் கொடுத்துவிட்டு இங்கிலீஷில் ஏதோ சொல்வான். அவர்கள் நீலாவைப் பார்த்து உச்சுக்கொட்டுவார்கள். ருசிக்குத்தான் என்று நீலா பூரித்துப்போவாள்.

பரீட்சை முடிந்து அன்றுதான் மகள் மகிழினி ஒத்தாசைக்கு வந்திருந்தாள். வெங்காயம் நறுக்கிக்கொண்டே சாவியோவின் இங்கிலீஷுக்குக் காதைக் கொடுத்தாள். கத்தி நின்றுவிட்டது.

இந்தப் பெண்ணின் புருஷனைக் கடல் கொண்டுபோய்விட்டது. பிணம்கூடக் கிடைக்கவில்லை. கடைசியாக அவன் பிடித்து வந்தது கடம்பா. அதனால்தான் இவள் தினமும் அதையே வறுக்கிறாள். சாவியோ தொண்டை தழுதழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தான்.

அப்பா ராமதாஸ் விசைப்படகில் போய் ஒரு வாரமாகிறது. காலையிலிருந்து செய்தியில் புயல் சின்னம். போன் போகவில்லை. கடலில் ஆள் இருக்கும்போது சாவு என்ற சொல்லையே அவர்கள் தெருவில் யாரும் வாயில் எடுக்க மாட்டார்கள்.

 சனிக்கிழமை மட்டும் அம்மா பூவும் பொட்டும் இல்லாமல் வண்டிக்கு வருவது ஏன் என்று மகிழினிக்கு இப்போது புரிந்தது. போட்டோவுக்கு சிம்பிளாக இருக்கட்டும் என்று சாவியோதான் சொல்லியிருந்தான். அம்மாவிடம் சொன்னால் தாங்குவாளா? சொல்லாவிட்டால் வாராவாரம் அப்பாவைச் சாகடிப்பானே!

"ண்ணா, இன்னா கதை உட்டுகினு கீற?" என்று மகிழினி குறுக்கே வந்தாள்.

"தோ பாரு, பேஜார் பண்ணாத. உங்கம்மா யாவாரத்துக்குத்தான் சொல்றேன்" என்று சாவியோ பல்லைக் கடித்தான்.

"இன்னாடி சொல்றான்?" என்றாள் நீலா.

"அப்பா செத்துட்டாருன்றாம்மா. கடல்ல. உன்ன தாலியறுத்தவளா காட்டிகினு கீறான்."

நீலா அடுப்பை அணைத்தாள். வந்தவர்களின் கையிலிருந்த தட்டுகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி வண்டிமேல் வீசினாள்.

"யக்கா, சும்மா ஒரு பில்டப்புக்கா! கதை இருந்தாத்தான் இவுங்க துன்றாங்கோ."

"பில்டப்பா? அவரு போன போட்டு இன்னும் கரைக்கு வரலடா, கஸ்மாலம்! உங்கப்பன் கடலுக்குப் போனவன்தானே? அப்போ உங்கம்மாவ எவனாச்சும் இப்பிடி நிக்க வெச்சிருந்தா உட்டுருப்பியா?"

அவன் கழுத்து அட்டையின் நாடாவைப் பிடித்து இழுத்தாள்.

"ஆளு உசுரோட கீறாருன்னு சொல்லு. பேரச் சொல்லு. கரைக்கு வருவாருன்னு சொல்லு. அவுங்க பாஷையிலயே சொல்லுடா. எம்பொண்ணு கேட்டுகினு கீது. ஒரு வார்த்த மாறுச்சு, சட்டி எண்ணெ ஒம்மேலதான்."

சாவியோ சொன்னான். மைக்கில் அவன் குரல் கம்மியது. போட்டோ எடுத்துக்கொண்டிருந்த அம்மாள் போனைப் பைக்குள் போட்டாள். யாரும் நிமிரவில்லை.

"சரியா சொன்னானா?"

"சொன்னாம்மா."

அம்மாவின் பிடி தளரவில்லை. அவள் கண் கடல் பக்கம் போனது.

"இன்னொரு வாட்டி சொல்லச் சொல்லு."